பெரட்டுக்களத்தில் கேட்காத கேள்வி

பீடோங் பக்கம் ‘ஜப்பான்காரன்’ என்ற சொல்லை ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையிடம் சொல்லிப் பாருங்கள். தாத்தா இருந்தால் சயாம் ரயில் பாதையைப் பற்றிப் பேசுவார்; இல்லாவிட்டால் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலத்தைச் சொல்வார். அப்பா அம்மாவுக்கு நினைவுக்கு வருவது விடியற்காலையில் தோட்டத்து முச்சந்தியில் வந்து நிற்கும் கம்பெனி பஸ், சீருடை, ஓவர்டைம், ஆண்டுக் கடைசி போனஸ். பேரப்பிள்ளைகளுக்கோ அது கார்ட்டூன் படம், ராமென், ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய தோக்கியோ.

இந்த மூன்று நினைவுகளோடு இப்போது நான்காவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ‘ஜப்பானிய வேலைப் பண்பாடு’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பயிற்சிப் பட்டறைகளில் ‘கைசென்’ என்கிறார்கள். சுங்கை பட்டாணித் தொழிற்சாலையிலிருந்து பெரிய சாலையோரத்துக் கார் பட்டறை வரை சுவரில் ‘5எஸ்’ அட்டை தொங்குகிறது. ஒற்றுமையாக வேலை செய்வோம், குடும்பம் மாதிரி இருப்போம் என்று முதலாளிகள் பேசுகிறார்கள். சில இடங்களில் இது நன்றாக நடக்கிறது. பல இடங்களில் அட்டை மட்டும் தொங்குகிறது.

ஏன் இந்த வேறுபாடு? வானொலி வேலையில் இருப்பதால் இரவு சிஃப்ட் முடித்து வருபவர்களும், காலை சிஃப்டுக்குக் கிளம்புபவர்களும் என்னோடு பேசுகிறார்கள். அவர்களிடம் கேட்டதையும், இதைப் பற்றி நான் தேடிப் படித்ததையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. ஒரு வேலையிடத்தில் ஆகக் கீழே இருப்பவர் “இங்கே ஒரு தப்பு இருக்கிறது” என்று பயப்படாமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் ஜப்பான்காரர்களின் முறைகள் எல்லாம் வேலை செய்யும். முடியாவிட்டால் எந்த முறையைக் கொண்டு வந்தாலும் அது இன்னொரு பெரட்டாகத்தான் முடியும்.

கெடாவுக்கு வந்த கொள்கை

1982ஆம் ஆண்டு, அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் ‘கிழக்கை நோக்கும் கொள்கை’யை அறிவித்தார். அவர் நம் கெடா மாநிலத்துக்காரர், அலோர் ஸ்டாரில் பிறந்தவர். மேற்கு நாடுகளையே பார்த்துக்கொண்டிருக்காமல் ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளின் உழைப்பு முறையையும் ஒழுங்கையும் கற்றுக்கொள்வோம் என்பதே அதன் சாரம். அதே ஆண்டில்தான் அரசாங்க ஊழியர்களுக்காக ‘பெர்சே, செக்காப், அமானா’ என்ற சுத்தம், திறமை, நேர்மை இயக்கமும் வந்தது. கிழக்கை நோக்கும் கொள்கையின்கீழ் இதுவரை 15,000க்கும் மேற்பட்ட மலேசியர்கள் படிப்புக்காகவும் பயிற்சிக்காகவும் ஜப்பானுக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. சுங்கை பட்டாணியைச் சுற்றித் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. 1996இல் நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா கூலிமில் திறக்கப்பட்டது. ஜப்பானிய நிறுவனங்கள் பல இங்கே கடை விரித்தன. ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்ட காலமும் அதுதான். தோட்டத்து லயங்களில் வளர்ந்த பிள்ளைகள் உளியை எடுக்காமல் கம்பெனி பஸ் ஏறினார்கள்.

அவர்களோடு சில புதுச் சொற்களும் வீட்டுக்கு வந்தன. 5எஸ் என்பதை நம் நாட்டில் மலாயிலேயே சொல்லிப் பழகிவிட்டோம்: சிசே, சுசுன், சாப்பு, செராகாம், செந்தியாசா அமால். வேண்டாததை ஒதுக்கு, இருப்பதை அடுக்கு, கூட்டித் துடை, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வை, இதையே வழக்கமாக்கு. அரசாங்க அலுவலகங்களில் தரக்குழுக்கள் அமைக்கப்பட்டன. ஊழியர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து, தங்கள் வேலையில் உள்ள ஒரு சிக்கலைத் தாங்களே ஆராய்ந்து தீர்வு சொல்லும் முறை அது. மலேசிய உற்பத்தித்திறன் கழகம் இன்றுவரை இதற்கெல்லாம் பயிற்சி தருகிறது.

ஆக, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சரக்கு நம்மிடம் இருக்கிறது. ஆனால் உள்ளே வேலை செய்தவர்களைக் கேட்டால் இரண்டு விதமான கதைகள் வருகின்றன.

பணி ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் சொன்னது இது. சிறு வயதில் அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போனவர், பிறகு ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். “ஒரு நாளு ஜப்பான் மேனேஜர் என் மெசின் பக்கத்துல வந்து நின்னாரு தம்பி. அவருக்கு நம்ம பாசை தெரியாது, எனக்கு அவரு பாசை தெரியாது. விரல காட்டிக் காட்டி, ஏன் இங்க குனியுற, ஏன் அங்க எட்டுறன்னு கேட்டாரு. ஸ்குரு டப்பா தூரமா இருக்குன்னு காமிச்சேன். கம்பிய வளைச்சு ஒரு தாங்கி செஞ்சு கிட்டக்க மாட்டுனேன். ரெண்டு வாரத்துல எல்லா மெசின்லயும் அத மாட்டிட்டாங்க. பெருசா காசு ஒண்ணும் குடுக்கல. ஆனா செவுத்துல என் பேரப் போட்டு ஒட்டுனாங்க.” அந்தத் தாளை இன்னமும் வைத்திருக்கிறாராம்.

வேறொரு தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் சொன்னது இது. அங்கேயும் 5எஸ் உண்டு, ஆலோசனைப் பெட்டி உண்டு, மஞ்சள் கோடு உண்டு. “இந்த லோட்டுல கீறல் இருக்குன்னு லைன் லீடர்கிட்ட நாந்தான் சொன்னேன் தம்பி. ‘உன் வேலைய பாரு’ன்னாங்க. அந்த லோட்டு அப்படியே திரும்பி வந்துச்சு. எல்லாரும் ஞாயித்துக்கிழம வந்து உக்காந்து பிரிச்சோம். அதுக்கப்புறம் கண்ணுல பட்டாலும் நான் வாயத் தொறக்கறதில்ல.”

இரண்டு இடத்திலும் அதே அட்டைகள்தான் சுவரில் இருந்தன. ஒன்றில் கேட்டார்கள், இன்னொன்றில் வாயை அடைத்தார்கள்.

பெரட்டும் காலைக் கூட்டமும்

அக்காவின் மௌனம் நேற்று முளைத்ததில்லை. அதற்கு நம் தோட்டங்களில் ஆழமான வேர் இருக்கிறது.

பெரட்டு என்றால் என்னவென்று இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். விடியுமுன் வாளியும் உளியுமாகத் தொழிலாளர்கள் களத்தில் வரிசையாக நிற்பார்கள். பெயர் வாசிக்கப்படும். வந்தவர் யார், வராதவர் யார் என்று குறிக்கப்படும். இன்றைக்கு யாருக்கு எந்த நிரை என்று உத்தரவு வரும். முந்தைய நாள் மரத்தில் காயம் பட்டிருந்தால் எல்லார் முன்னிலையிலும் திட்டு விழும். மேலே துரை, அவருக்குக் கீழே கிராணி, அவருக்குக் கீழே கங்காணி அல்லது மண்டோர். சொல் எப்போதும் மேலிருந்து கீழேதான் இறங்கும். கீழிருந்து மேலே ஏற வழி கிடையாது.

கங்காணி முறையின் அமைப்பே அப்படி. ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தவர் அவர். கூட்டி வந்த ஆள் வேலைக்கு வந்தால் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. வழிச்செலவுக்குக் கடன் கொடுத்தவரும் அவரே, வேலையை மேற்பார்வை பார்த்தவரும் அவரே. அப்படிப்பட்டவரிடம் போய் “நீங்கள் சொல்லும் முறை சரியில்லை” என்று யார் சொல்வார்கள்? வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பிழைக்கும் வழி என்று நம் பாட்டன் பாட்டிமார் கற்றுக்கொண்டதில் தவறே இல்லை. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியபோது அந்த ஆள்சேர்ப்பு முடிவுக்கு வந்தது. அது பழக்கிய மௌனம் அதோடு முடிந்துவிடவில்லை. “பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும், எதிர்த்துப் பேசக்கூடாது” என்று அது வீட்டிலும் பள்ளியிலும் கோயில் கமிட்டியிலும் தொடர்கிறது.

ஜப்பானிய நிறுவனங்களிலும் காலையில் கூடுகிறார்கள். ‘சோரெய்’ என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் பெரட்டு மாதிரியே தெரியும்: வரிசை, சீருடை, பத்து நிமிடம். ஆனால் நன்றாக நடக்கும் சோரெய்யில் நேற்று எங்கே தடங்கல் வந்தது, இன்று எதில் கவனம் வேண்டும், யாருக்கு உதவி தேவை என்ற பேச்சு இருக்கும். வேலை செய்பவரே அதைச் சொல்வார். பெரட்டுக்களத்தில் ஒருநாளும் கேட்காத கேள்வி அதுதான்: “உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?”

வெறும் முழக்கத்தை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டுக் கலையும் காலைக் கூட்டங்களும் உண்டு. அவற்றுக்கும் பெரட்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அது ரத்தத்தில் வந்ததா?

“அவங்க ஜப்பான்காரங்க, அவங்க ரத்தத்துலயே அது இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு வராது.” இதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது.

போருக்குப் பிறகு ‘ஜப்பான் சாமான்’ என்றால் மலிவு, சீக்கிரம் உடையும் என்றுதான் உலகத்தில் பெயர். 1950இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கத்தின் அழைப்பில் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் அங்கே போய் விரிவுரைகள் நடத்தினார். அவர் பெயரில் 1951இல் டெமிங் பரிசு தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் அவர் நிர்வாகத்துக்கு 14 அம்சங்களை வகுத்தார். அவற்றில் ஒன்று, வேலையிடத்திலிருந்து பயத்தை விரட்ட வேண்டும் என்பது. பயந்தவர் உண்மையான எண்ணிக்கையைச் சொல்ல மாட்டார். பொய்யான எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எந்தப் பொருளையும் திருத்த முடியாது. புள்ளியியல் தெரிந்தவர் பயத்தைப் பற்றிப் பேசியதன் காரணம் இதுவே.

1962இல் கவோரு இஷிகாவாவின் முயற்சியில் தரக்குழுக்கள் தொடங்கின. டொயோட்டா தொழிற்சாலையில் வரிசைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். எந்தத் தொழிலாளியும் சிக்கலைக் கண்டால் அதை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடி வருவார். குறித்த இடத்துக்குள் சிக்கல் தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். வரிசை நின்றால் பணம் போகும் என்று தெரிந்தும், அந்த அதிகாரத்தைக் கடைசித் தொழிலாளியின் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

வானொலியில் இருக்கும் எனக்கு இது எளிதாகப் புரிகிறது. நேரலை விளக்கு எரிந்துவிட்டால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆக இளைய தொழில்நுட்பர் கை தூக்கினாலும் நான் கவனித்தாக வேண்டும். “நேற்று வந்த பையன், இவன் என்ன சொல்வது” என்று நினைத்தால் கேட்டுக்கொண்டிருப்பது ஊர் முழுக்க.

இது இனத்தின் குணம் இல்லை என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. கலிபோர்னியாவின் ஃபிரிமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஓயாத தகராறு, ஆள் வராமை, மோசமான தரம் என்று பெயரெடுத்து 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதே கட்டடத்தைத் திறந்தன. பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோரையே திரும்ப எடுத்தார்கள். கயிற்றை அவர்கள் கையில் கொடுத்தார்கள். சீக்கிரத்திலேயே அங்கே தயாரான கார்கள் தரத்துக்குப் பெயர் வாங்கின. ஆட்கள் மாறவில்லை, நடத்தப்பட்ட விதம் மாறியது.

அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ்நாட்டுக்கே வருவோம். சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன், டிவிஎஸ் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம். 1998இல் அதன் பிரேக் பிரிவு டெமிங் பரிசைப் பெற்றது; இந்தியாவில் முதலில் பெற்றது அதுவே. ஓசூரில் மோட்டார் சைக்கிள் செய்யும் டிவிஎஸ் மோட்டார் 2002இல் அதே பரிசைப் பெற்றது. ரானே குழும நிறுவனங்களும் தொடர்ந்து பெற்றன. பேராசிரியர் யோஷிகாசு சுடா போன்ற ஜப்பானிய வல்லுநர்கள் பல ஆண்டுகள் வந்து வழிகாட்டினார்கள். இந்தப் பரிசு முதலாளி காட்டும் படங்களை மட்டும் பார்த்துக் கொடுக்கப்படுவது இல்லை. தேர்வாளர்கள் தொழிற்கூடத்துக்கே வந்து பார்ப்பார்கள். எல்லா ஊழியரும் பங்கெடுப்பதை ஒரு தூணாக வைத்துத்தான் டிவிஎஸ் இந்த முறையைக் கட்டியது. வேலை செய்தவர்கள் நம்மைப் போல் தமிழ் பேசுகிறவர்கள்தாம். “நம்ம ஆளுங்களுக்கு வராது” என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஜப்பானிலேயே தோற்ற இடங்கள்

இதையெல்லாம் எழுதிவிட்டு, ஜப்பானைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட என்னால் முடியாது. பீடோங்கில் பிறந்த யாராலும் முடியாது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் சயாம் – பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை இழுத்துப் போனது ஜப்பானிய ராணுவம். திரும்பி வராதவர்களின் குடும்பங்கள் இங்கே இன்னமும் இருக்கின்றன. அதுவும் ஒரு ‘வேலையிடம்’தான். அங்கே இருந்தது பிரம்பும் பசியும் காலராவும் மட்டுமே.

ஆகவே ‘ஜப்பானிய’ என்ற சொல்லே ஒரு முறைக்கு நற்சான்றிதழ் ஆகிவிடாது. பிற்காலத்தில், பெரிய ஜப்பானிய நிறுவனங்களிலேயே பயம் குடியேறியபோது என்ன ஆனது என்று பாருங்கள்.

2015இல் தோஷிபா நிறுவனம் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளாக லாபத்தைக் கூட்டிக் காட்டியது அம்பலமானது. தொகை சுமார் 15,200 கோடி யென். ‘சேலஞ்ச்’ என்ற பெயரில் எட்ட முடியாத இலக்குகளை மேலிடம் கொடுத்தது. மேலதிகாரியை மறுத்துப் பேச முடியாத சூழலில் கீழே இருந்தவர்கள் கணக்கைத் திருத்தினார்கள் என்று விசாரணைக் குழு சொன்னது.

இன்னொன்று நம் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் உள்ளது. நம்மில் பலர் ஓட்டும் பெரோடுவா மைவியின் தொழில்நுட்பக் கூட்டாளி டைஹாட்சு. அந்த நிறுவனம் கார்ப் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது 2023இல் வெளிவந்தது. டிசம்பரில் வந்த விசாரணை அறிக்கை, புதிதாக 174 முறைகேடுகளைப் பட்டியலிட்டது. மிகப் பழையது 1989ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குறுகிய கால அவகாசத்தில் காரை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி, சிக்கலைச் சொன்னாலும் மேலிருந்து உதவி வராது என்ற நிலை, இவைதாம் காரணங்களாகச் சுட்டப்பட்டன. கைசென் பிறந்த நாட்டில், டொயோட்டாவின் துணை நிறுவனத்திலேயே, கயிற்றை இழுக்க ஆளில்லாமல் போனது.

அளவுக்கு மீறிய வேலையால் வரும் சாவுக்கு ஜப்பானிய மொழியில் தனிச் சொல்லே உண்டு: ‘கரோஷி’. அதைத் தடுக்க 2014இல் சட்டம் கொண்டு வந்தார்கள். 2018இல் இயற்றிய சட்டத்தில் ஓவர்டைமுக்கு மாதம் 45 மணி நேரம், ஆண்டுக்கு 360 மணி நேரம் என்று பொது வரம்பு வைத்தார்கள். நம் நாட்டிலும் 2023 ஜனவரியிலிருந்து வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. ‘நாம் எல்லாம் ஒரே குடும்பம்’ என்று சொல்லிச் சம்பளமில்லாமல் கூடுதல் நேரம் வாங்கும் முதலாளிகள், ஜப்பானே கைவிடப் பார்க்கும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம்மிடம் இல்லாததா?

கூடி வேலை செய்யும் குணம் நம்மிடம் இல்லை என்று சொல்பவர்கள் பீடோங்கின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். போர் முடிந்த கையோடு, இங்கே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை எதிர்த்து, ஒழுங்கையும் தன்மானத்தையும் தொழிலாளர்கள் தாங்களே தங்களுக்கு விதித்துக்கொண்ட இயக்கம் அது. 1947இன் தொடக்கத்தில் போலீஸ் அடக்குமுறையையும் அது சந்தித்தது. மேலிருந்து யாரும் பயிற்சி கொடுத்து உருவாக்கியதில்லை.

1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட நேரத்தில், தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி என்று சேர்த்துத் தாங்களே தோட்டங்களை வாங்கினார்கள். சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை. அன்றாடக் கூலிக்காரர்கள் ஒருவரை ஒருவர் நம்பிக் காசு போட்டிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய கூட்டு முயற்சியை எந்த ஜப்பானியப் பாடநூல் நமக்குச் சொல்லித் தரப்போகிறது?

நம்மிடம் கூடும் பழக்கம் இருக்கிறது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கேட்கும் பழக்கத்தைத்தான் நாம் இன்னும் வளர்க்கவில்லை.

நாளைக் காலையில் தொடங்கலாம்

இதற்குப் பெரிய கம்பெனி தேவையில்லை. ஆறு பேர் வேலை செய்யும் கார் பட்டறை, நான்கு பேர் உள்ள டியூசன் மையம், சாப்பாட்டுக் கடை, கோயில் நிர்வாகம் எதிலும் செய்யலாம்.

முதலில் ‘கெம்பா’. வேலை நடக்கும் இடம் என்று பொருள். முதலாளி வாரத்தில் ஒரு நாளாவது அங்கே போய் நின்று பார்க்க வேண்டும். குறை கண்டுபிடிக்கப் போகக் கூடாது. ஏன் குனிகிறாய், ஏன் எட்டுகிறாய் என்று அந்த மேனேஜர் கேட்டாரே, அப்படிக் கேட்கப் போக வேண்டும்.

அடுத்தது ‘ஹோ-ரென்-சோ’. நடந்ததை அறிவிப்பது, தகவலைத் தெரிவிப்பது, முடிவுக்கு முன் கலந்து பேசுவது ஆகிய மூன்று சொற்களின் முதல் எழுத்துகள். சேர்த்துச் சொன்னால் ஜப்பானிய மொழியில் பசலைக்கீரை என்றும் பொருள் வரும், அதனால் மறக்காது. யமதானே என்ற பங்கு நிறுவனத்தின் தலைவராக இருந்த தொமிஜி யமசாக்கி 1982இல் இதைப் பரப்பினார். பல நிறுவனங்களில் இதைக் கீழே இருப்பவரின் கடமையாக மட்டும் வைத்திருக்கிறார்கள். கெட்ட செய்தி கொண்டு வருபவர் மேல் எரிந்து விழுந்தால் அடுத்த முறை செய்தி வராது. “சொன்னது நல்லது, வா பார்ப்போம்” என்ற நான்கு சொற்களில்தான் இந்த முறை உயிரோடு இருக்கிறது.

மூன்றாவது ‘நெமவாஷி’. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். பெரிய மரத்தை இடம் மாற்றுவதென்றால் நேராகப் பிடுங்க முடியாது. முன்கூட்டியே வேரைச் சுற்றித் தோண்டி, மரத்தைப் பக்குவப்படுத்த வேண்டும். அதுபோல, சிஃப்ட் நேரத்தை மாற்றுவதென்றாலும் புது மெசின் வாங்குவதென்றாலும், கூட்டத்தில் திடீரென்று அறிவிக்காமல், அதனால் பாதிக்கப்படும் ஒவ்வொருவரிடமும் முன்னதாகத் தனித்தனியே பேசிவிடுவது. கூட்டத்தில் எல்லார் முன்னும் வாய் திறக்காத நம் ஆட்களுக்கு இது மிகவும் பொருந்தும். கூச்சமுள்ள அக்காகூட டீ குடிக்கும்போது தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவார்.

கடைசியாகக் கைசென். நாளுக்கு ஒரு சின்ன மாற்றம். ஸ்பேனர் எங்கே மாட்டுவது, ரசீதுப் புத்தகம் எங்கே வைப்பது என்ற அளவில் இருந்தால் போதும். ஆனால் யோசனை சொன்னவரின் பெயர் அதில் இருக்க வேண்டும். அதனால் காசு மிச்சமானால் அவருக்கும் ஒரு பங்கு போக வேண்டும். பெயரை எடுத்துக்கொள்ளும் சூப்பர்வைசர் ஒருவர் இருந்தால் போதும், ஆலோசனைப் பெட்டியில் எட்டுக்கால் பூச்சி வலை கட்டும்.

தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்கு மேலே இருப்பவர் கேட்கவில்லை என்று வருந்தும் நாம், நமக்குக் கீழே இருப்பவரைக் கேட்கிறோமா? வரிசையில் நம் பக்கத்தில் நிற்கும் நேப்பாளப் பையனும் வங்காளதேசப் பையனும் இன்றைக்கு, நம் பாட்டன் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அவர்களில் நிறைய பேர். மொழி தெரியாது, வேலை போனால் ஊர் திரும்ப வேண்டும். மெசினில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தாலும் சொல்வார்களா? நம்மில் லைன் லீடராக இருப்பவர்கள் எத்தனை பேர் அவர்களிடம் கங்காணி போலப் பேசுகிறோம்?

கையை மெசினில் கொடுத்துவிட்டு விரலை இழந்தவர்களை இந்த வட்டாரத்தில் பலருக்குத் தெரியும். அப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு “முன்னாடியே அந்தக் கதவு சரியா மூடல” என்று யாராவது ஒருவர் மெல்லச் சொல்வார். அந்த ஒருவரை விபத்துக்கு முன்னால் பேச விடுவதற்காகத்தான் இத்தனை ஜப்பானியச் சொற்களும் இருக்கின்றன. பேச விட்டால் தமிழிலேயே போதும்.